கடல் கடந்த கலைத் தூது – பாலசரஸ்வதி அம்மையார்

ஒரு நாடு மற்றொரு நாட்டிற்குத் தூது அனுப்புவது பழங்காலந்தொட்டு இருந்துவரும் வழக்கம். அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்ற வரலாற்றை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். படையும் பொருளும் சாதிக்க முடியாததை ஒரு புலவரின் சொல் சாதிக்கக்கூடும் என்பதை அக்காலத்து மன்னர்கள் அறிந்திருந்தார்கள். பிற்காலத்து அரசுகள் அயல்நாட்டுத் தலைநகரங்களில் தூதரகங்களை அமைத்துத் தூதர்களை அனுப்பின. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவற்றோடு புதுவகைத் தூது ஒன்றும் சேர்ந்துகொண்டது. பேச்சுக்கும் கடிதத்துக்கும் பதிலாகப் பாட்டும் ஆட்டமும் நாடு விட்டு நாடு செல்லத் தொடங்கின.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போர் முடிந்ததே தவிரப் பகை முடியவில்லை. அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் ஆயுதம் தொடாமலே ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மக்களின் நல்லெண்ணத்தைப் பெற இரண்டும் போட்டியிட்டன. 1954-இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பத் தனி நிதி ஒன்றை ஏற்படுத்தினார். அவ்வாண்டிலேயே ஹோசே லிமோன் என்பவரின் நடனக் குழு தென் அமெரிக்காவுக்குச் சென்றது. 1955-56-இல் மார்த்தா கிரஹாம் அம்மையாரின் குழு ஜப்பான் முதலாக ஆசிய நாடுகள் பலவற்றைச் சுற்றிற்று, இந்தியாவிலும் ஆடிற்று. ரஷ்யாவும் சும்மா இருக்கவில்லை. மாஸ்கோ நகரின் புகழ்பெற்ற போல்ஷாய் பாலே குழு 1956-இல் லண்டனுக்கும் 1959-இல் அமெரிக்காவுக்கும் போய் வந்தது. நம் இந்தியாவோ, விடுதலை பெற்ற மூன்றே ஆண்டுகளில், 1950-இல், கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத்தின் முயற்சியால் கலாசார உறவுகளுக்கென்றே ஒரு கழகத்தை நிறுவியிருந்தது.

இப்படிக் கலை தூது போவதில் ஓர் ஆபத்தும் உண்டு. அயலாருக்குப் புரிய வேண்டும், பிடிக்க வேண்டும் என்று எண்ணி, கலையைக் குறுக்கி, மினுக்கி, கண்காட்சிப் பொருளாக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் கைதட்டல் கிடைக்கும், மதிப்புக் கிடைக்குமா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. அவர்தாம் பாலசரஸ்வதி அம்மையார். அவருடைய வாழ்க்கையை நாம் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

குலமும் குருவும்

பாலசரஸ்வதி 1918-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். இசையே அவருடைய குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் இசையாலும் ஆடலாலும் சிறப்புற்ற பாப்பம்மாள் என்பவர் இக்குடும்பத்தின் மூதாதையர். பாலசரஸ்வதியின் பாட்டியார், இசையுலகம் இன்றும் வணங்கிப் போற்றும் வீணை தனம்மாள். தனம்மாளின் சென்னை இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை ஒலிக்கும். அக்காலத்து வித்துவான்கள் அடக்கத்தோடு வந்தமர்ந்து கேட்பார்கள். ஆரவாரம் இல்லாத இசை அது. உரக்க ஒலித்தால்தான் இசை என்பதில்லை, உள்ளத்தில் இறங்கினால் போதும் என்ற பாடத்தைக் குழந்தை பாலா அந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டாள். தாயார் ஜெயம்மாள் சிறந்த பாடகி. தம்பியர் இருவரில் ரங்கநாதன் மிருதங்கத்திலும் விசுவநாதன் புல்லாங்குழலிலும் பின்னாளில் பெயர் பெற்றனர்.

மயிலாப்பூர் கௌரி அம்மாளின் நடனத்தைச் சிறு வயதில் கண்டதுமுதல், தானும் ஆட வேண்டும் என்ற ஆசை பாலாவைப் பற்றிக்கொண்டது. ஆனால் அந்தக் காலம் ஆடலுக்கு ஏற்ற காலமாக இல்லை. சதிர் என்று வழங்கிய அந்த நடனத்தை ஆடுவோரைச் சமூகம் இழிவாகப் பார்க்கத் தொடங்கியிருந்தது. பேரிசைக் குடும்பத்துக் குழந்தை ஆடலாமா என்ற தயக்கம் உற்றார் உறவினரிடையே எழுந்தது. தாயார் ஜெயம்மாள் துணிந்து மகளின் பக்கம் நின்றார்.

குருவாக வாய்த்தவர் கந்தப்ப பிள்ளை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரின் வழிவந்த நட்டுவனார் இவர். இன்று நாம் காணும் பரதநாட்டியக் கச்சேரியின் வரிசைமுறையை 19-ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்தியவர்கள் அந்த நால்வரே. கந்தப்பர் மிகவும் கண்டிப்பானவர். ஓர் அடவு சரியாக வரும்வரையில் அடுத்ததற்குச் செல்லமாட்டார். 1925-இல், ஏழாவது வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் பாலாவின் அரங்கேற்றம் நடந்தது. அபிநயத்தைப் பின்னர் கௌரி அம்மாளிடமும், கூசிப்பூடி மரபில் வந்த வேதாந்தம் லட்சுமிநாராயண சாஸ்திரியாரிடமும் மேலும் கற்றுத் தெளிந்தார்.

1934-இல் கல்கத்தாவில் நடந்த இசை மாநாட்டில் பாலசரஸ்வதி ஆடினார். அப்போது அவருக்கு வயது பதினாறு. தென்னாட்டுக்கு வெளியே அவர் ஆடியது அதுவே முதல் முறை. தமிழும் தெலுங்கும் அறியாத வங்காளத்து மக்கள் மெய்ம்மறந்து பார்த்தார்கள். மொழி அறியாதவர் முன் ஆடும் சோதனை அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

இருண்ட ஆண்டுகள்

அதன்பின் வந்த ஆண்டுகள் கடினமானவை. 1941-இல் குரு கந்தப்பர் காலமானார். உடல்நலமும் கெட்டது. ஆட அழைப்போரும் குறைந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை நாம் நடுநிலையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுமிகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அரும்பாடு பட்டார். தாமாகத் தேர்ந்தெடுக்காத வாழ்க்கையில் எந்தப் பெண்குழந்தையும் தள்ளப்படக் கூடாது என்பதே அவருடைய நோக்கம். 1947-இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் நிறைவேறிற்று. பெண்ணினத்துக்கு அது நன்மையே. ஆனால் சமூகம் வழக்கத்தின் தீமையையும் கலையின் மேன்மையையும் பிரித்துப் பார்க்கத் தவறிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கலையைக் கட்டிக் காத்த குடும்பங்களின் பெண்கள் மேடையை விட்டே விலக நேர்ந்தது. அதே காலத்தில் மற்றக் குலத்துப் பெண்கள் நடனம் பயில முன்வந்தார்கள். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அம்மையார் இதில் வழிகாட்டியாக விளங்கினார். பரதநாட்டியம் என்ற பெயரோடு கலை தலைநிமிர்ந்தது. ஆயினும் அதைக் காத்துத் தந்தவர்களின் பிள்ளைகள் ஓரத்தில் நின்றார்கள்.

பாலசரஸ்வதி மேடையை விடவில்லை. தம் மரபையும் மறைக்கவில்லை. பாட்டியார் வீட்டில் கேட்ட பதங்களைக் கேட்டபடியே பாடினார். குரு கற்பித்த முறையில் ஆடினார். காதலைச் சொல்லும் பதங்களை நீக்கிவிட வேண்டும் என்று சிலர் கருதியபோது, உயிர் இறைவனை நாடும் ஏக்கமே அப்பாடல்களில் உள்ளது, ஆடுபவரின் மனம் தூயதாக இருந்தால் பார்ப்பவரின் மனமும் தூயதாகும் என்ற கருத்தில் உறுதியாக நின்றார்.

1950-களின் தொடக்கத்தில் சமஸ்கிருதப் பேரறிஞர் டாக்டர் வே. ராகவனின் ஊக்கத்தால், மியூசிக் அகாடமி எனப்படும் சென்னைச் சங்கீத வித்வத் சபையின் ஆதரவில் பாலசரஸ்வதியின் நடனப் பள்ளி தொடங்கிற்று. கந்தப்பரின் மகன் கணேசன் அதில் துணைநின்றார். 1955-இல் சங்கீத நாடக அகாடமி விருதும், 1957-இல் பத்மபூஷண் விருதும் அவரை வந்தடைந்தன. விருதுகள் வந்தன என்றாலும், நாடெங்கும் மேடைகள் திறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. அந்த நிலையில்தான் கடலுக்கு அப்பாலிருந்து அழைப்பு வந்தது.

டோக்கியோவில்

1961-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் ஜப்பான் தலைநகரான டோக்கியோவில் கிழக்கு, மேற்கு நாடுகளின் இசைவாணர்களும் அறிஞர்களும் சந்திக்கும் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. பாலசரஸ்வதி அம்மையார் இந்தியாவிலிருந்து சென்று அங்கே ஆடினார். வெளிநாட்டு மேடையில் அவர் முதன்முறையாகத் தோன்றியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. உடலும் பருத்திருந்தது. கண்ணைப் பறிக்கும் ஒப்பனையோ, ஒளிவிளக்கு வித்தையோ அவரிடம் இல்லை. பட்டுச் சேலை, சதங்கை, பக்கத்தில் சில இசைக் கலைஞர்கள், அவருடைய குரல் – இவ்வளவே.

பதம் ஆடும்போது அவர் தாமே பாடுவார். ஒரே வரியைப் பல முறை பாடுவார். ஒவ்வொரு முறையும் கண்ணும் கையும் வேறொரு பொருளைச் சொல்லும். ஒரு தாய் தன் குழந்தையை அழைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கொஞ்சி அழைப்பாள். வராவிட்டால் கெஞ்சுவாள். பிறகு கோபம்போல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தை வாடினால் தானே ஓடிப்போய் அணைத்துக்கொள்வாள். இத்தனையும் ஒரு வரிக்குள் நடக்கும். முன்கூட்டித் திட்டமிட்டு மனப்பாடம் செய்தவை அல்ல இவை. இசை எழும்ப எழும்ப அந்த நேரத்திலேயே பிறப்பவை. தாய்மையும் ஏக்கமும் எந்த நாட்டவருக்குத் தெரியாது? ஜப்பானிய மக்கள் மொழியைக் கடந்து அவருடைய ஆடலை வரவேற்றார்கள்.

அந்த மாநாட்டைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அதைக் கூட்டியது கலாசார சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பு. அந்த அமைப்புக்கு அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்துவந்தது என்ற உண்மை 1966-67-இல் வெளிப்பட்டபோது உலகமே திகைத்தது. கலைக்கு மேடை போட்டுக் கொடுப்பவர்களுக்கு அவரவர் நோக்கம் இருக்கலாம் என்பதை இதிலிருந்து நாம் அறிகிறோம். ஆனால் மேடை போட்டவரின் நோக்கம் மறைந்துவிட்டது. அன்று ஆடிய ஆட்டத்தின் பெருமை நிலைத்திருக்கிறது. காரணம், கலைஞர் எவருடைய கொள்கைக்கும் விளம்பரமாக ஆடவில்லை. தம் கலையைத்தான் கொண்டு சென்றார்.

அமெரிக்காவில்

மறு ஆண்டு அமெரிக்கப் பயணம். அமெரிக்கர்கள் ஆசியாவை அறிய வேண்டும் என்ற நோக்கத்தோடு மூன்றாம் ஜான் ராக்பெல்லர் 1956-இல் நிறுவிய ஆசியச் சங்கம் இந்தப் பயணத்துக்கு ஆதரவு தந்தது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜேக்கப்ஸ் பில்லோ என்னுமிடத்தில் நடக்கும் நடன விழாவில் பாலசரஸ்வதி ஆடினார். அந்த விழாவை நிறுவியவர் டெட் ஷான். இவருடைய பெயரை நாம் கவனிக்க வேண்டும்.

இந்திய நடனம் என்ற பெயரில் மேல்நாட்டார் அதற்கு முன்பும் பலவற்றைக் கண்டிருந்தார்கள். ஷானின் மனைவியும் நடனக் கலைஞருமான ரூத் செயின்ட் டெனிஸ் 1906-இலேயே ராதா என்ற பெயரில் ஒரு நடனம் ஆடினார். அப்போது அவர் இந்தியாவைப் பார்த்ததுகூட இல்லை. அவரும் ஷானும் 1925-26-இல் தம் குழுவோடு ஆசியாவைச் சுற்றி இந்தியாவுக்கும் வந்தார்கள். 1923-இல் ரஷ்ய நடன அரசி அன்னா பாவ்லோவா, இளைஞராயிருந்த உதயசங்கரின் துணையோடு ராதாகிருஷ்ண நடனத்தை லண்டனில் ஆடினார். இவர்கள் எல்லாரும் இந்தியாவின்மேல் அன்பு கொண்டவர்களே. உதயசங்கர் பின்னர் தம் குழுவோடு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கவர்ந்து நம் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்தார். எனினும் அவர் ஆடியது அவரே அமைத்த புதுமுறை நடனம். கோயிலிலும் அரசவையிலும் வளர்ந்த பழைய மரபை, அந்தக் குடும்பத்திலேயே பிறந்த ஒருவர், இசையும் அபிநயமும் பிரியாமல் மேல்நாட்டு மேடையில் காட்டியது வேறு வகை அனுபவம். கற்பனையில் இந்தியாவைத் தேடிய டெட் ஷானின் மேடைக்கே உண்மையான இந்தியக் கலை வந்து சேர்ந்தது பொருத்தந்தானே!

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகம் பாலசரஸ்வதியைத் தங்கிக் கற்பிக்க அழைத்தது. அங்கே இசைப் பேராசிரியராக இருந்த ராபர்ட் பிரவுன் முன்னரே நம் இசையைப் பயின்றவர். மிருதங்கத்தைப் பற்றி ஆராய்ந்தவர். அந்த 1962 அக்டோபர் மாதம் உலகம் நடுங்கிய மாதம். கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் வைக்கப்பட்ட செய்தியால் அணுப்போர் மூளுமோ என்ற அச்சம் எங்கும் பரவிற்று. அதே மாதம் இமயத்தின் எல்லையில் சீனாவுடன் போர் மூண்டது. தலைவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த அந்த ஆண்டில், ஒரு தமிழ்ப் பெண்மணி அமெரிக்க மாணவ மாணவியருக்குத் தட்டிமெட்டு அடவு சொல்லிக்கொடுத்தார் என்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

1963-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ விழா இந்தியக் கலைகளுக்குச் சிறப்பிடம் தந்தது. நம் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரும் அந்த விழாவில் பாடினார், பாலசரஸ்வதி ஆடினார். தனம்மாள் குடும்பத்தின் நடனமும் மதுரை சண்முகவடிவின் மகளுடைய இசையும் ஒரே விழாவில் ஐரோப்பாவை வென்றன. நம் தாய்மார்கள் பெருமைப்படத்தக்க நிகழ்ச்சி இது.

கைதட்டியவர்கள் மாணவர்களானார்கள்

நடனக் குழு ஒன்று வெளிநாடு செல்கிறது. பத்திரிகைகள் புகழ்கின்றன. மாலை மரியாதைகள் நடக்கின்றன. குழு திரும்பி வருகிறது. அதோடு எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு. பாலசரஸ்வதியின் பயணங்கள் அப்படி முடியவில்லை. பார்த்தவர்கள் கற்க விரும்பினார்கள். சாமுவேல் ஸ்கிரிப்ஸ், லூயிஸ் ஸ்கிரிப்ஸ் தம்பதியர் கீழை நாட்டுக் கலைகளுக்காகவே கலிபோர்னியாவில் ஒரு சங்கத்தை நிறுவினார்கள். அதன் கோடைக்கால வகுப்புகளில் பாலசரஸ்வதி கற்பித்தார். அதன்பின் பல ஆண்டுகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மீண்டும் மீண்டும் சென்று வந்தார். தம்பி ரங்கநாதன் வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்தார். விசுவநாதன் குழலும் பாட்டும் கற்பித்தார். ஒரு குடும்பமே அந்த மண்ணில் கர்நாடக இசைக்கு விதையூன்றிற்று.

அந்த விதை முளைத்ததற்கு ஒரு சான்று சொல்லலாம். வெஸ்லியனில் படித்த ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், விசுவநாதனிடம் இசை கற்றார். பின்னர் சென்னைக்கே வந்து பயின்றார். பாலசரஸ்வதியின் நடனமும் பதங்களும் அவரை ஆட்கொண்டன. பரதநாட்டிய இசையைப் பற்றியே ஆராய்ந்து டாக்டர் பட்டமும் பெற்றார். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையில் வெள்ளைக்காரர் ஒருவர் அமர்ந்து பிழையின்றிப் பாடியதைக் கேட்டுத் தமிழகம் வியந்தது. ஹிக்கின்ஸ் பாகவதர் என்று மக்கள் அவரை அன்போடு அழைத்தார்கள். ஓர் அமெரிக்கரைப் பாகவதர் என்று நம் ஊரார் உரிமையோடு அழைக்கும்படி செய்ததைவிடச் சிறந்த தூதுப்பணி வேறென்ன இருக்க முடியும்?

பாலசரஸ்வதி கற்பித்த முறையும் கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு மாணவர்களுக்கென்று எளிமையாக்கிய பாடம் ஒன்றை அவர் வகுக்கவில்லை. நடனம் கற்க வந்தவர்கள் இசையையும் கற்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. இசையை நீக்கினால் நடனம் வெறும் உடற்பயிற்சி என்று அவர் கருதினார். கேட்பவர் அயலார் என்பதற்காகத் தரத்தைக் குறைப்பது அவர்களைக் குறைவாக மதிப்பதாகும் அல்லவா? முழுமையாகக் கொடுத்ததால்தான் அவர்கள் முழுமையாக ஏற்றார்கள்.

தாய்நாட்டின் மரியாதை

1973-இல் மியூசிக் அகாடமி தன் ஆண்டு விழாவுக்கு அவரைத் தலைமை ஏற்க அழைத்துச் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கிற்று. இசை விற்பன்னர்களுக்கே உரிய அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவரே. 1975-இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் தலைமையுரை ஆற்றுகையில், பரதநாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டு அழகாக விளக்கினார். அலாரிப்பு கோபுர வாயில். ஜதிஸ்வரமும் சப்தமும் மண்டபங்கள். வர்ணம் பெரிய சந்நிதி. பதம் கருவறையின் அமைதி. தில்லானா கற்பூர ஆரத்தி என்பது அந்த விளக்கத்தின் சாரம். ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவினால் கோயிலுக்குள் செல்லும் அனுபவம் கிட்டாது. உள்ளூர் மேடையாயினும் வெளிநாட்டு மேடையாயினும் மரபின் ஒழுங்கை அவர் ஏன் அவ்வளவு போற்றினார் என்பது இதனால் நமக்கு விளங்குகிறது.

சிறுவயதில் கல்கத்தாவில் அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்தவர் சத்யஜித் ரே. உலகப் புகழ் பெற்ற இயக்குநரான அவர், 1976-இல் பாலா என்ற பெயரில் ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். தமிழக அரசும் பம்பாயில் உள்ள தேசிய நிகழ்கலை மையமும் அதைத் தயாரித்தன. கண்ணனைக் குழந்தையாக அழைக்கும் கன்னடப் பாட்டுக்கு, கடற்கரையில், காற்று சேலையை அலைக்க, ஏறத்தாழ அறுபதை நெருங்கிய அம்மையார் அபிநயிக்கும் காட்சி அதில் இருக்கிறது. முகத்தில் சுருக்கமும் உடலில் தளர்ச்சியும் தெரியும். ஆனால் சில நிமிடங்களில் அவை நம் கண்ணுக்கு மறைந்து ஓர் இளந்தாய் மட்டுமே தெரிகிறாள். வாய்ப்புக் கிடைத்தால் நம் மாணவிகள் அந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

1977-இல் பத்மவிபூஷண் விருது பெற்ற பாலசரஸ்வதி, 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் சென்னையில் காலமானார். மகள் லட்சுமி தாயின் வழியில் ஆடியும் கற்பித்தும் அம்மரபை 2001-இல் தாம் மறையும்வரை காத்தார். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க நடன அமைப்புகள் ஒன்றுகூடி, தங்கள் நாட்டின் ஈடு இணையற்ற நடனச் செல்வங்கள் என்று நூறு பெயர்களைத் தொகுத்தபோது, பாலசரஸ்வதியின் பெயரையும் அதில் சேர்த்தார்கள். வேறொரு நாட்டுப் பெண்ணைத் தம் நாட்டுச் செல்வமாக அந்நாட்டார் எண்ணினார்கள்! எந்தத் தூதருக்கு இந்தப் பேறு கிடைத்திருக்கிறது?

நாம் கற்கும் பாடம்

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? அழகிய உடை, இளமை, வேகம் இவைதாம் பிறர் மதிப்பைப் பெற்றுத் தரும் என்று இளம் பருவத்தில் நமக்குத் தோன்றும். அவை எதையும் நம்பாமல் ஒரு பெண்மணி உலகைத் தம்பால் ஈர்த்தார். சொந்த ஊரில் இழிவாகப் பேசப்பட்ட கலையை அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. வெளிநாட்டாரின் புகழுக்காக மாற்றவும் இல்லை. ஊர் ஏசியபோது எதை ஆடினாரோ, உலகம் ஏத்தியபோதும் அதையே ஆடினார்.

மற்றொரு பாடமும் உண்டு. அது பெரியவர்களாகிய நமக்கு. அயலார் பாராட்டிய பின்புதான் நம் வீட்டுச் செல்வத்தின் அருமை நமக்குத் தெரிய வேண்டுமா? நம் கிராமங்களில் இன்னும் எத்தனையோ பேர் கரகமும் கூத்தும் ஒயிலும் கற்று வைத்திருக்கிறார்கள். நாகசுரமும் தவிலும் வாசிக்கும் குடும்பங்கள் வறுமையில் வாடுகின்றன. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் நம் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கலாம். அந்தக் கலையை வைத்து அப்பிள்ளைகளை ஒருவரும் கேலி செய்யாதபடி பார்த்துக்கொள்வது பெற்றோருக்கும் ஆசிரியைகளுக்கும் உரிய கடமை.

மாணவிகளே! நாளை உங்களில் சிலர் படிப்புக்காகவோ பணிக்காகவோ பிற நாடுகளுக்குச் செல்லக்கூடும். எந்த அரசும் கையில் கடிதம் கொடுத்து அனுப்பாவிட்டாலும், அங்குள்ளவர்களின் கண்ணுக்கு நீங்கள்தாம் இந்தியா, நீங்கள்தாம் தமிழ்நாடு. அப்போது அவர்களைப்போல் ஆகிவிட வேண்டும் என்று உங்களை மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். நம்மைவிட உயர்ந்தவர் இல்லை என்று தருக்கவும் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த நல்லதை முழுமையாகவும் பணிவாகவும் கொடுங்கள். அவர்களிடம் உள்ள நல்லதையும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். பாலசரஸ்வதி அம்மையாரின் சதங்கை நமக்கு விட்டுச் சென்ற செய்தி இதுவே.